இடது மகாராணி, வலது சாமியார்

காலை ஐந்து ஐம்பதுக்கு அலாரம் அடிக்கும். அது என் மனைவியின் அலாரம். நான் ஆறே முக்காலுக்கு எழுந்தால் போதும். மாற்றவில்லை. எழுந்து பல் தேய்த்து, சமையலறை விளக்கைப் போட்டு, ஒரு ஆளுக்கு டீ போடுவேன். ஜன்னலில் திரை இறங்கியிருப்பதால் காலையிலும் விளக்கு வேண்டும். டீயை நின்றுகொண்டே குடிப்பேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். பின்கதவைத் திறந்து மாடி முற்றத்துக்குப் போய், இடது பீப்பாயில் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றுவேன். வலது பீப்பாய்க்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, எட்டே முக்காலுக்கு ஸ்கூட்டரை எடுப்பேன். ஒன்பது மணிக்குக் கண்ணாடிக் கடை.

கடையில் என் வேலை கண் சோதிப்பது. அதற்கென்று கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறேன். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் "இடது கண்ணை மூடுங்க" என்பேன். "வலது கண்ணை மூடுங்க" என்பேன். எட்டு வருடத்தில் ஒரு முறைகூட மாற்றி எழுதியதில்லை. கடைப்படியை விட்டு இறங்கினால் கதை வேறு. ஸ்கூட்டரில் எங்கே திரும்புவது என்று தெரியாது. பின்னால் உட்கார்ந்து மனைவிதான் தோளைத் தட்டுவாள். இடது தோள் என்றால் இடது. "மாட்டுக்குக்கூட வாயால சொன்னாப் போதும்" என்பாள்.

மரங்கள் அவளுடைய ஏற்பாடு. கல்யாணமான இரண்டாவது வருடம் ஒரே நாளில் இரண்டும் வந்தன. ஒன்று எலுமிச்சை, ஒன்று அத்தி. இரண்டும் அப்போது இடுப்பு உயரம். பழைய எண்ணெய்ப் பீப்பாயைப் பாதியாக அறுத்து, ஓட்டை போட்டு, சமையலறை ஜன்னலுக்கு வெளியே இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வைத்தாள். ஒரே வாரத்தில் பெயர் வைத்துவிட்டாள். அதன் பிறகு எலுமிச்சை, அத்தி என்ற வார்த்தைகள் வீட்டில் புழங்கவில்லை.

"மகாராணிக்கு இன்னிக்கு மனசு சரியில்ல. நாலு பூவைக் கொட்டிட்டா."

"ம்."

"சாமியார் ஒரு இலை விட்டிருக்கார். யார்கிட்டயும் சொல்லிக்கல."

"ம்."

வேறு ஊரின் வானிலை அறிக்கையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன். யார் மகாராணி, யார் சாமியார் என்று கேட்கத் தோன்றவில்லை.

பிறகு அவளுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்தால் மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், இரண்டு வாரம் வாளி தூக்கக் கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவள் ஒரு பேப்பரில் எனக்கு உத்தரவு எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சமையலறை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினாள். அதில் இப்படி இருந்தது:

"இடது பக்கம் மகாராணி. தினமும் காலையில் இரண்டு குவளை. உலகம் அழிந்தாலும் ஊற்ற வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை உரம், பச்சை டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி. இடம் மாற்றினால் கோபித்துக்கொள்வாள். கோபித்தால் இலை கொட்டும்.

வலது பக்கம் சாமியார். வாரம் ஒரு தடவை போதும். முதலில் விரலை மண்ணில் விட்டுப் பார்க்கவும். ஈரம் இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடவும். உரம் கூடாது. கொடுத்தால் இலை இலையாக வளர்ந்து பெருமை அடிப்பார், காய்க்க மாட்டார். வேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால்தான் அவருக்குப் பிடிக்கும். பாவம் பார்க்கக் கூடாது."

அவள் வீட்டுக்கு வரவில்லை. நான்கு மாதம் ஆகிறது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். கடைசியா என்ன சொன்னா? கேட்கிறவர்களுக்குக் கொடுக்க ஏதாவது வேண்டியிருந்தது. "எல்லாரையும் நல்லாப் பார்த்துக்குங்கன்னு சொன்னா" என்றேன். அழுதார்கள். மச்சினி மட்டும் அழாமல் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் என் மனைவியின் ஒரே தங்கை. சலவைக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறாள்.

அடுத்த வாரம் சமையலறை ஜன்னல் திரையை இறக்கினேன். காலையில் கண் கூசியது. திரை இறங்கியதும் பேப்பர் மறைந்துவிட்டது. அதனால் பேப்பரைப் பிய்த்து, அதே ஜன்னலில், அதே கண்ணாடியில், வெளிப்பக்கம் ஒட்டினேன். மறுநாளிலிருந்து அதன் எதிரே நின்று படித்து, எழுதியிருந்தபடி செய்தேன். இடது பக்கம் இருந்தது பெரிய பெரிய இலையோடு அத்தி. பார்க்கவும் ராணி மாதிரிதான் இருந்தது.

முதல் இரண்டு மாதம் மழை. ஒன்றும் தெரியவில்லை. மழை நின்றதும் அத்தி மஞ்சளாகத் தொடங்கியது. எலுமிச்சையின் இலைகள் உள்பக்கம் சுருண்டன.

மச்சினி ஒரு சனிக்கிழமை வந்தாள். நான் ஃபோன் எடுப்பதில்லை என்பதால் நேரில் வந்தாள். முற்றத்துக்குப் போனவள் இரண்டு பீப்பாயையும் சுற்றி வந்தாள்.

"மாமா, இது என்ன?"

"மரம்."

"மரமா? ரெண்டு துடைப்பத்தை நட்டு வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"அக்கா எழுதினபடிதான் செய்யறேன்."

"அக்கா இதைக் கொல்லச் சொல்லி எழுதிருக்க மாட்டா." அவள் ஒரு இலையைத் தொட்டாள். அது கையோடு வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "நான் சொல்றதைக் கேளுங்க. மூணு வாரம் டயம். மூணாவது சனிக்கிழமை வேனோட வர்றேன். ரெண்டும் உசுரோட இருந்தா இங்கேயே இருக்கட்டும். ஒண்ணு போயிருந்தாலும் மிச்சத்தை நான் ஏத்திட்டுப் போயிடுவேன். என் அக்கா விட்டுட்டுப் போனதுல தண்ணி குடிக்கிறது இது ரெண்டும்தான்."

"நானும் தண்ணி குடிக்கிறேன்."

"உங்களை ஏத்திட்டுப் போனா எங்கே வைக்கிறது?"

அவள் போன பிறகு முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. பீப்பாய் இருந்த இடத்தில் வட்டமாகக் கறை மட்டும் இருந்தால், ஐந்து ஐம்பதுக்கு எழுந்து செய்ய எதுவும் இருக்காது.

எழுதியிருந்ததை இன்னும் கறாராகச் செய்தேன். இடது பக்கத்துக்கு இரண்டு குவளையை அளந்து ஊற்றினேன், கண்ணாடியைத் துடைக்கும் கவனத்தோடு. பச்சை டப்பாவிலிருந்து கைப்பிடி உரம். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போதே வலது பக்கத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். மண் ஓடு மாதிரி இருந்தது. பாவமாக இருந்தது. பாவம் பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தது. திரும்பி வந்தேன்.

கீழ்த்தளத்தில் சலூன். சலூன்காரர் துண்டு காயப் போட மாடிக்கு வருவார். வந்தால் கருத்து சொல்லாமல் போக மாட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க தலையும் இந்த மரமும் ஒரே மாதிரி இருக்கு. உச்சியில கொட்டுது, ஓரத்துல காயுது."

"தலைக்கு என்ன செய்யலாம்?"

"தலைக்கு என்கிட்ட வாங்க. மரத்துக்கு வேற யார்கிட்டயாவது போங்க. நான் வெட்டினா திரும்ப வளரும்னு உத்தரவாதம் தலைக்கு மட்டும்தான்."

"என் தலைக்கு அதுவும் கிடையாதே."

"அதை நீங்களே சொல்லிட்டீங்க. நான் சொல்லல."

இரண்டாவது வாரம், மரத்துக்கு ஒரு இலை வீதம் உறையில் போட்டுச் செடிக்கடைக்குப் போனேன். வழியில் இரண்டு முறை தப்பான தெருவில் திரும்பினேன். தோளைத் தட்ட ஆள் இல்லை. செடிக்கடை நடத்தும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கொண்டையில் பென்சில் சொருகியிருந்தாள். இரண்டு இலைகளையும் மேஜையில் போட்டாள். மஞ்சள் இலையை அழுத்தினாள், சுருண்டதை நொறுக்கினாள்.

"இது தண்ணியில மூழ்கிச் சாகுது. இது தாகத்துல சாகுது. ரெண்டும் ஒரே வீடா?"

"ஒரே ஜன்னல்."

"எலுமிச்சை வயித்துப்பிள்ளைக்காரி மாதிரிங்க. நேரத்துக்குத் தண்ணி வேணும், சாப்பாடு வேணும், வெயில் வேணும், ஒண்ணு குறைஞ்சாலும் முகத்தைத் திருப்பிக்கும். அத்தி அப்படியில்ல. கண்டுக்காம விட்டாலே பிழைச்சுக்கும், கவனிச்சீங்கன்னாதான் கெட்டுப்போகும். நீங்க தலைகீழா பண்ணிட்டிருக்கீங்க. யார் இப்படி ஊத்தச் சொன்னது?"

"மனைவி."

"அவங்களை ஒரு தடவை வரச் சொல்லுங்க. பேசிக்கிறேன்."

"வர முடியாது."

"வேலையா?"

"ஆமா."

அவள் பென்சிலை எடுத்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அத்திக்குத் தண்ணீர் நிறுத்து. எலுமிச்சைக்கு நிறைய. சரியாகத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. இலை என் கண் முன்னால்தான் நொறுங்கியது. ஆனாலும் வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டை மடித்து டிராயரில் வைத்தேன்.

ஜன்னலில் இருந்தது மனைவியின் கையெழுத்து. மரங்களைப் பற்றி அவள் தப்பாக எழுதியிருப்பாள் என்று நான் நம்பத் தயாராக இல்லை. எனக்குச் சொன்ன வழி ஒன்றுகூட அவள் தப்பாகச் சொன்னதில்லை. இப்போது யாரோ ஒருத்தி பென்சிலால் அடித்துத் திருத்துகிறாள். மரம் பிழைக்க வேண்டுமென்றால் மனைவி தப்பு என்று ஆக வேண்டும். அவள் சரி என்றால் மரம் சாகும். ஐந்து நாள் இப்படியே போனது. அந்த ஐந்து நாளும் அத்திக்கு இரண்டு குவளை ஊற்றினேன். என்னைப் படித்தவன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

கெடுவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, கடைக்கு ஒரு பல் மருத்துவர் வந்தார். அறுபது வயது. எழுத்தெல்லாம் இரட்டையாகத் தெரிகிறது என்றார். நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"இடது கண்ணை மூடுங்க."

அவர் வலது கண்ணை மூடினார்.

"சார், இடது."

"உங்க இடதா, என் இடதா?"

"உங்க இடதுதான்."

"சரியாக் கேட்டுக்கணும் பாருங்க. நம்ம ரெண்டு பேர் தொழிலும் ஒண்ணு. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவனுக்கு இடது நமக்கு வலது. நான் ஒரு தடவை மறந்துட்டேன்."

"என்ன ஆச்சு?"

"ஒரு ஆளுக்கு நல்ல பல்லைப் புடுங்கிட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன் தம்பி. ஏன் இப்படி ஆயிட்டீங்க?" என்றார்.

நான் கையில் லென்ஸோடு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் சோதனைச் சீட்டில் வலது கண் இடப்பக்கம் இருக்கும், இடது கண் வலப்பக்கம் இருக்கும். எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தபடி எழுதுவதற்கு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். எதிரே ஒருவர் இருந்தால், பக்கம் அவருடையது.

"கடைசி வரியை வாசிங்க" என்றேன். அவருக்குக் கண் முழுதாகச் சோதித்துச் சீட்டு எழுதினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு முதலாளியிடம் அரை நாள் லீவு கேட்டேன். நான்கு மாதத்தில் முதல் முறை என்பதால் அவர் காரணம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறைத் திரையின் கயிற்றை இழுத்தேன். தூசி கொட்டியது. நான்கு மாதத்தில் அந்த இடத்தில் நின்று வெளியே பார்ப்பது அதுதான் முதல் தடவை. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே, ஒரு ஆள் நிற்கும் அகலம். அவள் காலையில் டீயோடு நின்ற இடம். அங்கேயிருந்து வெளியே பார்த்தேன். கண்ணாடியில் பேப்பரின் முதுகு தெரிந்தது. அதற்கு இடது பக்கம் எலுமிச்சை. வலது பக்கம் அத்தி.

அவள் ஒரு எழுத்துகூடத் தப்பாக எழுதவில்லை.

சிரிப்பு வந்தது. சத்தமாக வந்துவிட்டதென்று நினைக்கிறேன். கீழேயிருந்து சலூன்காரர், "சார், ஏதாவது விழுந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. திரையைத் தூக்கி விட்டுட்டேன்" என்றேன்.

எலுமிச்சைக்கு ஒரு வாளி தண்ணீரை மெதுவாக, நான்கு தவணையாக ஊற்றினேன். மண் முதலில் குடிக்கவில்லை. ஓரமாக ஓடிவிட்டது. மூன்றாம் தவணையில்தான் முனகிக்கொண்டே உறிஞ்சியது. அத்திப் பீப்பாயைச் சாய்த்து, அடியில் இரண்டு செங்கல் கொடுத்து, நான்கு மாதத் தண்ணீரை வடியவிட்டேன். நாற்றம் சகிக்கவில்லை. சாமியாரை நான்கு மாதம் விருந்தாளியாக வைத்து ஊட்டியிருக்கிறேன். மகாராணியைப் பட்டினி போட்டிருக்கிறேன். இருவரும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. மச்சினி மேலே வந்தாள். கையில் கயிறும் பழைய போர்வையும் இருந்தன. ஒரு நாளில் மரம் தளிர்க்காது. எலுமிச்சையில் பதினோரு இலை இருந்தது. அத்தியில் ஒன்று. அதுவும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது.

"சரிதான்" என்றாள் அவள். போர்வையை விரித்தாள்.

"இரு. ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். ஜன்னல், பேப்பர், பல் மருத்துவர், எல்லாம். அவள் முதலில் பேப்பரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளென்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டும் இருந்திருக்கலாம்.

"மாமா, உங்க கடையில நான் கண்ணாடி வாங்கிருக்கேனே. பவர் சரியாத்தான் இருக்குமா?"

"கடையில சரியா இருப்பேன்."

"அக்கா இதைக் கேட்டா ஒரு மாசம் சிரிப்பா."

அவள் எழுந்து, எலுமிச்சையின் தண்டில் நகத்தால் மெல்லக் கீறினாள். பழுப்புத் தோலுக்குக் கீழே பச்சை. இரண்டு கிளை தள்ளி இன்னொரு கீறல். பச்சை. அத்திக்குப் போனாள். அங்கே நேரம் எடுத்தது. நுனிக் கிளையில் பழுப்பு. நடுக் கிளையிலும் பழுப்பு. அடிமரத்துக்குச் சற்று மேலே கீறினாள். ஈரமாக, பாலோடு, பச்சை.

"கிழவருக்கு உசுரு இருக்கு" என்றாள்.

"ரெண்டும் உசுரோட இருந்தா?"

"தெரியும் மாமா. சொன்ன வார்த்தை மாற மாட்டேன்." போர்வையை மடித்தாள். "ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை வருவேன். வந்து கீறிப் பார்ப்பேன். மரத்தையும், உங்களையும்."

அவள் பேப்பரைக் கண்ணாடியின் வெளிப்பக்கத்திலிருந்து உரித்தாள். உள்ளே கொண்டுபோய், பழைய டேப்பின் தடம் இருந்த இடத்திலேயே, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டினாள். திரையை இறக்கவில்லை. வெயில் தொட்டி வரைக்கும் வந்தது.

"அக்கா இங்கேதானே ஒட்டினா. ஏன் எடுத்தீங்க? எடுக்காதீங்கன்னு சொல்லலையா?"

"சொன்னா."

"எப்போ சொன்னா?"

டம்ளரை எடுத்தேன், கழுவினேன். அது கழுவின டம்ளர்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். எல்லாரையும் நல்லாப் பார்த்துக்குங்கன்னு அக்கா சொன்னான்னு சொன்னீங்க இல்ல. எனக்கு அன்னிக்கே நம்பிக்கையில்ல. அவ வாயில அந்த மாதிரி வார்த்தை வராது. எங்க அம்மாகிட்டகூட அவ அப்படிப் பேசினதில்ல. நிஜமா என்ன சொன்னா?"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தள்ளுவண்டியில் படுத்திருந்தாள். நர்ஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கிட்டப்பார்வை, வலது கண் இரண்டரை, இடது கண் இரண்டேகால். கண்ணாடி இல்லாமல் என்னைச் சரியாகப் பார்த்திருக்க முடியாது. என் குரல் வரும் பக்கத்துக்கு முகத்தைத் திருப்பினாள்.

"அந்தப் பேப்பரை ஜன்னல்லேர்ந்து எடுத்துத் தொலைக்காதீங்க. கடையை விட்டு இறங்கினா உங்களுக்கு இடது வலது தெரியாது."